எலிக்கு வராத நோயை எலியில் ஆராய்வது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் எகிறி சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியா. அது முற்றி வலிப்பாக வெடிக்கும் எக்லாம்ப்சியா. சிவப்பணுக்கள் உடைந்து, கல்லீரல் கெட்டு, தட்டணுக்கள் சரியும் ஹெல்ப். இவற்றை விலங்குகளில் ஆராய்வது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பதில்களில் எலி என்றால் ஆய்வகத்துப் பெரிய எலி. சிறியதைச் சுண்டெலி என்றே சொல்கிறோம். இரண்டின் நஞ்சுக்கொடியும் ஒரே மாதிரி இல்லை என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

"ப்ரீ-எக்லாம்ப்சியா மனிதர்களுக்கு மட்டுமே வரும் நோய் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் எலியை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?" – உயிரியல் மாணவி

வகுப்பில் சொன்னது கிட்டத்தட்ட சரி. கொரில்லா, சிம்பன்சி போன்ற பெருங்குரங்குகளில் அரிதாகச் சில நேர்வுகள் பதிவாகியுள்ளன. மற்றபடி எலி, சுண்டெலி, முயல், ஆடு எதற்கும் இந்த நோய் இதே உருவில் தானாக வருவதில்லை.

காரணம் நஞ்சுக்கொடி ஒட்டும் விதம். மனிதக் கர்ப்பத்தில் டிரோஃபோபிளாஸ்ட் என்ற கரு சார்ந்த செல்கள் கருப்பையின் உள்வரியைத் தாண்டி, தசைச் சுவரின் உட்புற மூன்றில் ஒரு பங்குவரை ஊடுருவுகின்றன. வழியில் இருக்கும் சுருள் தமனிகளின் தசையைக் கரைத்து, சுருங்கவே முடியாத அகன்ற குழாய்களாக அவற்றை மாற்றிவிடுகின்றன. ப்ரீ-எக்லாம்ப்சியாவில், அதிலும் பிரசவத் தேதிக்கு மாதங்களுக்கு முன்பே தொடங்கும் கடுமையான வகையில், இந்த வேலை அரைகுறையாக நின்றுபோகிறது. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. அவை உடல் முழுவதும் ரத்தக்குழாய்களின் உள்வரியைப் புண்ணாக்குகின்றன. அழுத்தம் ஏறுவதும் சிறுநீரில் புரதம் போவதும் அதற்குப் பிறகு நடப்பவை.

சுண்டெலியில் இந்த ஊடுருவல் மேலோட்டமாகவே நின்றுவிடும். அங்கே தமனிகளை அகலமாக்கும் வேலையில் பெரும்பங்கு கருப்பையின் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களுடையது. எலியில் ஊடுருவல் ஆழம். அந்த வகையில் அது மனிதருக்குச் சற்று நெருக்கம். பபூன் குரங்கின் நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் நேரடியாக நனைகிறது. ஆனால் மனித அளவு ஆழம் அதற்கும் கிடையாது. செம்மறியாட்டில் கருவின் செல்கள் தாயின் ரத்தத்தைத் தொடுவதே இல்லை.

ஆகவே எந்த விலங்கிலும் நோய் முழுவதையும் உண்டாக்க முடியாது. சங்கிலியின் ஒரு கண்ணியை நாம் கையால் வைத்து, அடுத்த கண்ணிகள் அசைகின்றனவா என்று பார்க்கிறோம். கருப்பைக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பது ஒரு வழி. நஞ்சுக்கொடி கொட்டும் புரதத்தை ஊசி வழியே ஏற்றுவது, ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடின் உற்பத்தியை மருந்தால் அடைப்பது, மரபணு மாற்றிய இனங்களைக் கலப்பது ஆகியவை மற்ற வழிகள். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் "இதில் கையால் வைத்த கண்ணி எது?" என்று முதலில் கேளுங்கள். அதற்கு முந்திய கண்ணிகளைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்ல முடியாது.

"கர்ப்பிணி எலியில் கருப்பை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் 'ரப்' அறுவையைச் செய்து வருகிறேன். சில எலிகளில் அழுத்தம் ஏறவே இல்லை. சிலவற்றில் குட்டிகள் மொத்தமும் கரைந்துவிடுகின்றன. எங்கே தவறு?" – மருந்தியல் ஆய்வு மாணவர்

முதலில் மற்ற வாசகர்களுக்காக ஒரு சுருக்கம். கருப்பைக்கு ரத்தம் குறைந்தால் தாயின் அழுத்தம் ஏறும் என்பதை நாய்களில் ஆக்டன், ஹில்டிபிராண்ட், பேஜ் ஆகியோர் 1940-லேயே காட்டினார்கள். இன்று அதிகம் புழங்கும் எலி வடிவத்தை வளர்த்தெடுத்தது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜோயி கிரேஞ்சரின் குழு. கர்ப்பத்தின் 14-ஆம் நாள் வயிற்றைத் திறந்து, சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே, 0.203 மி.மீ. உள் இடைவெளி உள்ள வெள்ளிக் கிளிப்பை மாட்டுவார்கள். பிறகு இரு பக்கமும் சூலகத் தமனியிலிருந்து கருப்பைக்குப் போகும் கிளைகளில் 0.100 மி.மீ. கிளிப். 18-ஆம் நாள் கழுத்துத் தமனியில் கதீட்டர். 19-ஆம் நாள் விழித்திருக்கும் எலியில் அழுத்தம் பார்ப்பது. கருப்பை ரத்த ஓட்டம் ஏறத்தாழ 40 சதவீதம் குறையும். சராசரித் தமனி அழுத்தம் சாதாரணக் கர்ப்பிணி எலியில் 100 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருந்தால், இதில் 20 முதல் 30 வரை கூடும். கர்ப்பமில்லாத எலியில் அதே கிளிப்பை மாட்டினால் அழுத்தம் ஏறாது. இந்த நோய் மாதிரியின் பலமே அதுதான்.

இனி உங்கள் சிக்கல். அழுத்தம் ஏறாத எலிகளில் நான்கு இடங்களைப் பாருங்கள்.

சூலகக் கிளிப்தான் முதல் சந்தேகம். பெருந்தமனியை மட்டும் நெருக்கினால் கருப்பை சும்மா இருக்காது. சூலகத் தமனி வழியே ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் கிளிப் நழுவியிருந்தாலும் விளைவு இதேதான். எலியை முடிக்கும் நாளில் மூன்று கிளிப்பும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு எலியிலும் பார்த்து எழுதிவையுங்கள். கிளிப் மாட்டும்போது தமனியைச் சுற்றியுள்ள கொழுப்பையும் சேர்த்துக் கவ்வினால், அன்றைக்கு இறுக்கமாகத் தெரியும்; கொழுப்பு அமுங்கியதும் தளர்ந்துவிடும். தமனியை ஈரப் பஞ்சுக்குச்சியால் சுத்தமாகப் பிரித்த பிறகே மாட்ட வேண்டும். பெருந்தமனியோடு ஒட்டிக் கிடக்கும் பெருஞ்சிரையின் சுவர் காகிதம்போல மெல்லியது. கூர்முனை இடுக்கி அங்கே வேண்டாம்.

இரண்டாவது, கிளிப்பின் இடைவெளி. வெள்ளி மென்மையான உலோகம். இடுக்கியால் இரண்டு முறை அழுத்தினாலே அளவு மாறிவிடும். ஒவ்வொரு கிளிப்பையும் மாட்டுவதற்கு முன் அளவு தெரிந்த கம்பியை நுழைத்துச் சரிபாருங்கள். கம்பி உரசிக்கொண்டே உள்ளே போக வேண்டும். ஆடவும் கூடாது, திணிக்கவும் கூடாது. ஒருமுறை பயன்படுத்திய கிளிப்பைத் திரும்ப மாட்டாதீர்கள்.

மூன்றாவது, நாள் கணக்கு. யோனிச் சுரண்டலில் விந்தணு தெரிந்த காலையைச் சில ஆய்வகங்கள் 0-ஆம் நாள் என்கின்றன, சில 1-ஆம் நாள் என்கின்றன. மொத்தக் கர்ப்பமே 21–22 நாள்தான். அதில் ஒரு நாள் பிசகினால் மனிதக் கர்ப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் பிசகியதற்குச் சமம். எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைக் கட்டுரையில் எழுதாமல் விடுவது பெரிய குறை.

நான்காவது காரணம் உங்கள் இரண்டாம் கேள்வியோடு சேர்ந்தது. குட்டிகள் எல்லாம் கரைந்துவிட்டால் நஞ்சுக்கொடியும் செயலிழந்துபோகும். அழுத்தத்தை ஏற்றும் பொருள்களை அனுப்ப ஆள் இல்லை. அந்த எலியில் அழுத்தம் ஏறாதது இயல்பு.

எல்லாம் கரைவதற்கு எலியின் எடை ஒரு காரணம். 200–250 கிராம் எலிக்கு வைத்த அளவு அது. 320 கிராம் எலியின் தடித்த பெருந்தமனியில் அதே 0.203 மி.மீ. கிளிப் கழுத்தை நெரிப்பது போலாகிவிடும். பின்னங்கால் வெளிறி, குளிர்ந்து, இழுத்துக்கொண்டு நடந்தால் நெருக்கம் மிஞ்சிவிட்டது என்று பொருள். கருப்பைக் கொம்புகளை வெளியே எடுத்து அதிக நேரம் வைத்திருப்பது இன்னொரு காரணம். 37 டிகிரியில் இருக்கும் உப்புநீரில் நனைத்த துணியால் மூடியே வைத்திருங்கள். மேசையின் வெப்பத் தட்டு மட்டும் போதாது. திறந்த வயிறு நிமிடங்களில் குளிர்ந்துவிடும்.

கிளிப் சிறுநீரகத் தமனிக்கு மேலேயோ, அதை அழுத்தும்படியோ போய்விட்டால் அழுத்தம் அழகாக ஏறும். வரைபடம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்ததால் வரும் வேறு வகை உயர் அழுத்தம். அதனால்தான் கர்ப்பமில்லாத எலிகளிலும் அதே அறுவை செய்த ஒரு குழு கட்டாயம் வேண்டும் என்கிறோம். கிளிப் மாட்டாமல் திறந்து மூடிய கர்ப்பிணிக் குழுவும் வேண்டும். வலிநிவாரணி எல்லாக் குழுவுக்கும் ஒன்றே. அழற்சி எதிர்ப்பு வகை வலிநிவாரணிகள் புரோஸ்டாகிளாண்டினை அடைத்து, சிறுநீரகத்தையும் அழுத்தத்தையும் கர்ப்பத்தையும் சேர்த்தே அசைத்துவிடும். புப்ரெனார்ஃபின் போன்றவை இங்கே பாதுகாப்பான தேர்வு.

குட்டி முழுதும் இழந்த எலிகளைக் கணக்கிலிருந்து நீக்குவது வழக்கம். நீக்கலாம். ஆனால் எத்தனை நீக்கினீர்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். மருந்துக் குழுவில் இரண்டும் மருந்தில்லாக் குழுவில் ஆறும் நீக்கப்பட்டிருந்தால், கடுமையாகப் பாதிக்கப்பட்டவை ஒரு பக்கம் மட்டும் வெளியேறிவிட்டன. மீதியை ஒப்பிடுவதில் பொருளில்லை.

"எலியின் ரத்த அழுத்தத்தை அளக்க வால் பட்டை போதுமா, உடலுக்குள் பொருத்தும் கருவி வேண்டுமா?" – விலங்குக்கூடத் தொழில்நுட்பர்

அழுத்தமே ஆய்வின் முதன்மைக் கேள்வி என்றால் உள்ளே பொருத்தும் டெலிமெட்ரிதான் சரி. எலி தன் கூண்டில் தன் போக்கில் இருக்க, இரவு பகல் முழுக்க அளவு வந்துகொண்டே இருக்கும். இனச்சேர்க்கைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பாவது பொருத்தி, புண் ஆறி, எடை பழைய நிலைக்கு வந்த பிறகே ஆணோடு விட வேண்டும். சாதாரணக் கர்ப்பிணி எலியில் கடைசி வாரத்தில் அழுத்தம் தானாகவே சற்று இறங்கும். அந்த இறக்கம் உங்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அளவீட்டில் ஏதோ கோளாறு.

வால் பட்டையில் சிக்கல், எலியை அசையாமல் வைக்கும் அடைப்புக் குழாயில் தொடங்குகிறது. 10-ஆம் நாள் வசதியாக இருந்த குழாய் 19-ஆம் நாள் வயிற்றை நெருக்கும். எலி பதறும், அழுத்தம் ஏறும், அதை நோய் என்று எழுதிவிடுவோம். கர்ப்பத்துக்கு முன்பே ஒரு வாரம் தினமும் பழக்கி, வயிறு பெருக்கப் பெரிய குழாய்க்கு மாற்றி, வாலைச் சூடாக்கி, ஒரே மணி நேரத்தில் அளந்தால் குழுக்களுக்கிடையே பெரிய வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கலாம். ஐந்து பத்து மி.மீ. வேறுபாட்டுக்கு அதை நம்ப வேண்டாம்.

கழுத்துத் தமனிக் கதீட்டர் நடுவழி. 18-ஆம் நாள் வைத்து, மறுநாள் எலி அமைதியடைய அரை மணி விட்டுப் பதிவு தொடங்குங்கள். திரையில் அலையைப் பாருங்கள். கூர்மையாக ஏறி, இறங்கும் வழியில் சின்ன வெட்டு விழ வேண்டும். அலை மலைமேடுபோல மழுங்கியிருந்தால் நுனியில் ரத்தக்கட்டி அல்லது குழாயில் காற்றுக்குமிழி. அப்போது மேல் அளவு குறைந்தும் கீழ் அளவு கூடியும் காட்டும். சராசரி மட்டும் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஹெப்பாரின் கலந்த உப்புநீரால் மெல்லக் கழுவிய பிறகு பதிவைத் தொடருங்கள்.

"சிறுநீர்ப் பட்டையில் நோயில்லாத எலிக்கும் புரதம் காட்டுகிறதே?" – அதே துறையிலிருந்து இன்னொருவர்

காட்டத்தான் செய்யும். கொறிணிகளின் சிறுநீரில் இயல்பாகவே சிறு புரதங்கள் உண்டு, சிறுநீரும் அடர்த்தியானது. பட்டையைக் கைவிடுங்கள். வளர்சிதைக் கூண்டில் 24 மணி நேரம் சேகரித்து, எலி அல்புமினுக்கென்றே தயாரித்த எலைசா முறையில் அளந்து, கிரியாட்டினினோடு விகிதம் பாருங்கள். மனித அல்புமினுக்கான கிட் எலியில் சரிவராது. தீவனத் தூளும் எச்சமும் விழுந்த சிறுநீர், பிரசவம் நெருங்கி ரத்தம் கலந்த சிறுநீர் இரண்டையும் தள்ளிவிடுங்கள். இன்னொன்று: ரப் மாதிரியில் சிறுநீர்ப் புரதம் எல்லா ஆய்வகத்திலும் வருவதில்லை. வராவிட்டால் உங்கள் அறுவை தோற்றதாக எண்ண வேண்டாம். சிறுநீரகக் கேள்விதான் முக்கியம் என்றால் வேறு மாதிரிக்குப் போவதே மேல்.

"ஹெல்ப் நோய்க்குறியை விலங்கில் உண்டாக்க முடிந்திருக்கிறதா?" – மகப்பேறு முதுகலை மருத்துவர்

முடிந்திருக்கிறது. 2003-இல் மேனார்ட், கருமாஞ்சி குழுவினர் எஸ்-ஃபிளிட்-1 என்ற புரதம் நோயாளிகளின் நஞ்சுக்கொடியிலும் ரத்தத்திலும் மிகுந்திருப்பதைக் காட்டினர். ரத்தக்குழாய் உள்வரி நலமாக இருக்கத் தேவையான வி.இ.ஜி.எஃப்., பி.எல்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணிகளை இது பிடித்துவைத்துக்கொள்ளும். இதன் மரபணுவை அடினோவைரஸில் ஏற்றிக் கர்ப்பிணி எலிக்குச் செலுத்தியபோது உயர் அழுத்தம், சிறுநீரில் புரதம், சிறுநீரக வடிப்பான்களின் உள்வரி வீங்குதல் மூன்றும் வந்தன. கர்ப்பமில்லாத எலிக்கும் வந்தன. நஞ்சுக்கொடி இல்லாமலே தாயின் பக்கத்து நோயை அந்தப் புரதம் உண்டாக்க முடியும் என்பதற்கு அது சான்று. புற்றுநோய்க்காக வி.இ.ஜி.எஃப்.-ஐ அடைக்கும் பெவாசிசுமாப் பெறுவோருக்கு உயர் அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் வருவது இதே கதையை மனித உடலில் சொல்கிறது.

2006-இல் கரையும் எண்டோக்ளின் என்ற இரண்டாவது புரதத்தையும் சேர்த்துச் செலுத்தியபோது படம் கடுமையானது. சிவப்பணு உடைவு, கல்லீரல் நொதி உயர்வு, தட்டணுச் சரிவு, குட்டிகளின் வளர்ச்சிக் குறைவு எல்லாம் சேர்ந்து வந்தன. உங்கள் கேள்விக்கு மிக நெருங்கிய விடை இதுதான்.

செய்து பார்க்க எண்ணினால் இரண்டு எச்சரிக்கை. ரத்தத்தில் செலுத்தும் அடினோவைரஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகிறது. வைரஸ் மட்டுமே கல்லீரல் நொதிகளை ஏற்றிவிடக்கூடும். பயனில்லாத புரதம் ஒன்றைத் தாங்கிய அதே வைரஸை அதே அளவில் பெற்ற குழு இல்லாமல் ஹெல்ப் என்று சொல்லவே கூடாது. அடுத்தது ரத்தம் எடுக்கும் விதம். மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சினால் சிவப்பணு சிரிஞ்சிலேயே உடையும், எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. என்ற நொதிகள் இரண்டும் பொய்யாக ஏறும். பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால், உடைந்தது உடலிலா சிரிஞ்சிலா என்று தீர்மானிக்க ரத்தப் பூச்சில் தலைக்கவசம்போல வெட்டுண்ட சிவப்பணுக்களைத் தேடுங்கள். தட்டணுவுக்கு மனித எல்லையான ஒரு லட்சத்தை எலிக்குப் பொருத்தாதீர்கள். நலமான எலிக்கே அது மனிதரைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். தன் கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிடுவது ஒன்றே வழி.

"தந்தை வழி மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டா?" – வாசகி

நஞ்சுக்கொடியில் பாதி தந்தையுடையது என்பதால் கேள்வி நியாயமானது. 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓர் அழகான சோதனை செய்தார்கள். ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை ரெனின் என்ற நொதி வெட்டுவதில்தான் அழுத்தத்தை ஏற்றும் சங்கிலி தொடங்குகிறது. மனித ரெனின் சுண்டெலியின் ஆஞ்சியோடென்சினோஜனை வெட்டாது. மனிதருடையதை மட்டுமே வெட்டும். மனித ஆஞ்சியோடென்சினோஜன் மரபணு பெற்ற பெண்ணை, மனித ரெனின் மரபணு பெற்ற ஆணோடு சேர்த்தார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாயின் அழுத்தம் ஏறியது, பிரசவித்ததும் இறங்கியது. தந்தையிடமிருந்து வந்த ரெனினை நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் விட்டதுதான் காரணம். எலியிலும் இதையே செய்திருக்கிறார்கள். பெற்றோரை மாற்றிச் சேர்த்தால் அழுத்தம் ஏறவில்லை. பெண்களுக்கு நோய் இப்படித்தான் வருகிறது என்று இது காட்டவில்லை. நஞ்சுக்கொடி தாயின் அழுத்தத்தை ஆள முடியும் என்பதைக் காட்டுகிறது.

"எங்கள் நாய்க்குக் குட்டி போட்ட மூன்றாம் வாரம் எக்லாம்ப்சியா என்றார் கால்நடை மருத்துவர். அதுவும் இதுவும் ஒன்றா?" – வாசகர்

பெயர் மட்டுமே ஒன்று. நாய்க்கு வந்தது பால் சுரப்பில் கால்சியம் சரிந்து வரும் இழுப்பு. ரத்த அழுத்தத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் அதில் பங்கில்லை. இதயத்தைக் கவனித்தபடி கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாகச் சிரையில் ஏற்றினால் நிற்கும். உடனே மருத்துவரிடம் போனது சரி. சினைச் செம்மறிக்கு வரும் "கர்ப்ப நச்சுத்தன்மை" என்பதும் வேறு. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்குத் தீவன ஆற்றல் போதாமல் கீட்டோன் சேர்வது அது. மனித நோய்க்கும் ஒரு காலத்தில் இதே பெயர் இருந்ததால் பழைய நூல்களில் இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன.

"வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் போடுகிறோம். அது எப்படி வேலை செய்கிறது என்று விலங்குகள் சொல்லியிருக்கின்றனவா?" – செவிலியர்

இங்கே வரிசை தலைகீழ். மருந்து பெண்களிடம் முதலில் நிரூபணமானது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு, வலிப்பு அபாயம் பாதிக்கும் கீழாகக் குறைவதைக் காட்டியது. ஏன் என்ற கேள்வியோடுதான் எலிகளிடம் போனார்கள்.

அழுத்தம் ஏறிய கர்ப்பிணி எலிக்குத் தானாக வலிப்பு வருவதில்லை. ஆகவே வலிப்பைத் தூண்டும் பென்டிலீன்டெட்ரசோல் என்ற மருந்தைச் சிறிது சிறிதாகச் சிரையில் செலுத்தி, எந்த அளவில் வலிப்பு தொடங்குகிறது என்று பார்க்கிறார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மேரிலின் சிபோலாவின் குழு கண்டது இது: கர்ப்பமே அந்த வாசலைத் தாழ்த்துகிறது, கருப்பை ரத்தம் குறைக்கப்பட்ட எலியில் இன்னும் தாழ்கிறது, மக்னீசியம் கொடுத்தால் உயர்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு கசிவதும், மூளையில் அழற்சி ஏறுவதும் இதில் சேர்ந்தவை. கசிவை அளக்க அல்புமினோடு ஒட்டிக்கொள்ளும் ஈவான்ஸ் நீலச் சாயத்தை ஏற்றுவார்கள். பிறகு உப்புநீரால் ரத்தக்குழாய்களை முழுக்கக் கழுவ வேண்டும். கழுவல் குறைந்தால் குழாய்க்குள் நிற்கும் சாயமே கசிவுபோலத் தெரியும். மூளை வீக்கத்துக்கு ஈர எடை, உலர்ந்த எடை வித்தியாசம் போதும். ஆனால் மூளையை எடுத்ததும் எடை போட வேண்டும். மேசையில் சில நிமிடம் கிடந்தாலே ஈரம் ஆவியாகிவிடும்.

உங்கள் வேலைக்கு இதிலிருந்து ஒன்று: மக்னீசியம் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தல்ல. 160/110 தாண்டிய அழுத்தத்துக்குத் தனி மருந்து அவசரமாக வேண்டும்.

"மனைவிக்கு ஏழாம் மாதத்தில் இந்த நோய் வந்தது. எலியில் குணமாகிவிட்டது என்று இணையத்தில் எத்தனையோ மருந்துகளைப் பற்றிப் படித்தேன். மருத்துவர் எதையும் தரவில்லை. ஏன்?" – ஒரு கணவர்

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் மருத்துவர் செய்தது சரி.

கையால் வைத்த கண்ணியைக் கையால் எடுத்தால் எலி தேறிவிடும். நைட்ரிக் ஆக்சைடை அடைத்து நோய் உண்டாக்கிவிட்டு, நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும் மருந்து கொடுத்தால் அழுத்தம் இறங்காமல் என்ன செய்யும்? அந்த வெற்றி மருந்தைப் பற்றிச் சொல்வது கொஞ்சம். மாதிரியைப் பற்றிச் சொல்வதே அதிகம். தவிர, எலியில் மருந்தை நோய் தொடங்கும் முன்பே, அல்லது அதே நாளில் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் மனைவியைப் போன்றவர்கள் மருத்துவமனைக்கு வரும்போது நஞ்சுக்கொடியின் சேதம் மாதக்கணக்கில் நடந்து முடிந்திருக்கும்.

நடந்தவற்றைப் பாருங்கள். கொழுப்பைக் குறைக்கும் பிரவாஸ்டாட்டின் சுண்டெலிகளில் நம்பிக்கை தந்தது. அபாயம் மிகுந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு 35-ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்கிப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது, நோய் குறையவில்லை. வைட்டமின் சி, ஈ இரண்டும் 2006-இல் வெளியான பெரிய ஆய்வில் நோயைத் தடுக்கவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தான் அதிகமாயின. வளர்ச்சி குன்றிய கருக்களுக்காக ரத்தக்குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் கொடுத்த நெதர்லாந்து ஆய்வு, பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் சிக்கல் வந்ததால் 2018-இல் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. எலியின் வெற்றியை மட்டும் நம்பி வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

விலங்கு காப்பாற்றிய பக்கமும் உண்டு. கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்து கொடுத்த சினை ஆடுகளிலும் முயல்களிலும் குட்டிகள் இறப்பதை 1980-லேயே கண்டு எச்சரித்தார்கள். அந்த வகை மருந்துகள் கருவின் சிறுநீரகத்தைக் கெடுப்பது பிறகு மனிதர்களிலும் உறுதியானது. இன்று கர்ப்பிணிகளுக்கு அவை கூடாது. தீங்கைச் சொல்லும்போது விலங்கின் சொல்லுக்குக் கூடுதல் எடை கொடுப்பதுதான் முறை.

எலி வழியே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது, இதுவரை, ஒரு ரத்தப் பரிசோதனை. எஸ்-ஃபிளிட்-1 புரதத்துக்கும் பி.எல்.ஜி.எஃப்.-க்கும் உள்ள விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், சந்தேகத்தோடு வந்த பெண்ணுக்கு அடுத்த ஒரு வாரத்தில் நோய் வராது என்று 99 சதவீதத்துக்கு மேல் உறுதியாகச் சொல்லலாம் என 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. தடுப்புக்கு இன்று கையில் இருப்பது ஆஸ்பிரின். அதன் தடயம் கிடைத்தது பெண்களிடமே. அடுத்த கர்ப்பம் பற்றி யோசித்தால் முதல் சந்திப்பிலேயே இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். அபாயம் அதிகமுள்ளோருக்கு 11–14 வாரத்தில் தொடங்கி 36-ஆம் வாரம்வரை இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்த 2017 ஆய்வில், 37 வாரத்துக்கு முன்பே வரும் ப்ரீ-எக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. தாமதமாகத் தொடங்கினால் பலன் குறைவு. நீங்களாகத் தொடங்க வேண்டாம். மருத்துவர் பார்த்துத் தரட்டும்.

"இத்தனை குறை இருந்தும் உயிர்களைப் பயன்படுத்துவது நியாயமா? எண்ணிக்கையையாவது குறைக்க முடியாதா?" – ஓய்வுபெற்ற ஆசிரியை

குறைக்க முடியும், பல ஆய்வுகளில் வீணாவது கணக்குத் தவறால்தான். எட்டு எலிகள் ஆளுக்குப் பன்னிரண்டு குட்டி சுமந்தால் 96 குட்டிகள். ஆனால் ஆய்வின் அலகு குட்டியல்ல, தாய். எண் 96 அல்ல, 8. இதைத் தவறாகப் போட்ட ஆய்வு பொய்யான வெற்றியை அறிவிக்கும். அதைத் திரும்பச் செய்து பார்க்க இன்னொரு கூடம் எலிகள் செலவாகும். எந்த எலிக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கிப் போடுவது, அளப்பவருக்குக் குழு தெரியாமல் வைப்பது, எந்த எலியை நீக்குவோம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது – இவற்றில் உயிர்களும் மிஞ்சும், விடையும் நம்பத்தக்கதாகும். 2010-இல் வெளியாகி 2020-இல் திருத்தப்பட்ட, விலங்கு ஆய்வுகளை எப்படி எழுதிக்காட்ட வேண்டும் என்று சொல்லும் அரைவ் நெறிமுறைகள் கேட்பதும் இவற்றைத்தான்.

பபூன் போன்றவற்றுக்கு அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். ஒற்றைக் குட்டி, ஆறு மாதக் கர்ப்பம், மனிதருக்கு நெருங்கிய புரதங்கள் என்பதால் எலியில் பார்க்கவே முடியாத கேள்விகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். எஸ்-ஃபிளிட்-1 உற்பத்தியை அடக்கும் ஆர்.என்.ஏ. மருந்தை 2018-இல் சில பபூன்களில் சோதித்தது அப்படிப்பட்ட கேள்வி. நஞ்சுக்கொடி செல்கள் எதை உமிழ்கின்றன என்ற கேள்விக்கு விலங்கே வேண்டாம். பிரசவத்துக்குப் பின் தாய்மார்கள் சம்மதித்துத் தரும் நஞ்சுக்கொடித் துண்டுகள் அதைவிட நேரான விடை தரும்.

"எனக்கு நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது அழுத்தம் சரியாக இருக்கிறது. இனிக் கவலை இல்லைதானே?" – வாசகி

ஒரு கவனம் தேவை. இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பழைய உடல்நிலைதான் இரண்டுக்கும் காரணமா, நோயே வடு விட்டுப் போகிறதா என்பதைப் பெண்களில் பிரித்துப் பார்ப்பது கடினம். சுண்டெலியில் பிரிக்க முடிந்தது. நலமான சுண்டெலிகளுக்குக் கர்ப்பத்தில் மட்டும் எஸ்-ஃபிளிட்-1 ஏற்றி, பிரசவத்துக்குப் பிறகு அழுத்தம் இயல்புக்கு வந்த பின் ரத்தக்குழாயில் சிறு காயம் உண்டாக்கியபோது, அவற்றின் குழாய்ச் சுவர் மற்றவற்றைவிட மிகையாகத் தடித்தது. 2015-இல் வெளியான ஆய்வு இது. அளவு சரியாகத் தெரிந்தாலும் குழாய் பழையதை மறக்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீர்ப் புரதம் பாருங்கள். எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும் "கர்ப்பத்தில் ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தது, இத்தனையாம் வாரத்தில்" என்று நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்க மாட்டார்கள்.